முதல் சிறுகோள் 'ராமானுஜன்' அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சிறுகோள் கட்டுரை அருமை. ஆனால் 'இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் ராமானுஜன்' என்ற வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. காவலூர் வானாய்வகத்தில் வானியலாளர் ராஜமோகன் அதைக் கண்டது 1988 பிப்ரவரி 17இல். அதற்கு 127 ஆண்டுகள் முன்பே, 1861 ஏப்ரல் 17இல், நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் வானியலாளர் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்துவிட்டார். இந்தக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் 'ஆசியா' என்றே பெயர் வைத்தார். கிரேக்கப் புராணத்திலும் அந்தப் பெயரில் ஒரு தேவதை உண்டு என்பது வசதியாகப் போயிற்று. பிறகு 1864இல் சாப்போ, 1866இல் சில்வியா, 1885இல் வீரா. நான்குமே செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட பட்டையில் சுற்றுபவை. ஆசியா சூரியனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 3.8 ஆண்டு, வெளி விளிம்பில் இருக்கும் சில்வியாவுக்கு ஆறரை. அந்தச் சில்வியாவுக்கு இரண்டு நிலவுகள் இருப்பது இந்த நூற்றாண்டில்தான் தெரியவந்தது.

சிறுகோள் வேட்டைக்குப் புகைப்படம் வந்ததே 1891இல்தான். அதுவரை விண்மீன் வரைபடத்தையும் தொலைநோக்கியையும் மாறி மாறிப் பார்த்து, வரைபடத்தில் இல்லாத புள்ளி மறுநாள் நகர்ந்திருக்கிறதா என்று கவனிப்பதுதான் வழி. (அந்த மதராஸ் வானாய்வகத்தில் உதவியாளராக இருந்து, 1867இல் ஒரு மாறொளிர் விண்மீனை, அதாவது ஒளி கூடிக் குறையும் விண்மீனைக் கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியைப் பற்றித் தனிக் கட்டுரையே போடலாம்.)

இன்னொன்று. கண்டுபிடித்த கையோடு பெயர் சூட்டிவிட்டதுபோல் கட்டுரை சொல்கிறது. ராமானுஜனுக்கு முதலில் கிடைத்தது '1988 டிக்யூ1' என்ற தற்காலிகக் குறியீடுதான். 'டி' என்றால் பிப்ரவரியின் பின்பாதி. 'க்யூ1' என்றால் அந்தப் பாதியில் வரிசைக்கு வந்த 41ஆவது பொருள். ஓரிரு இரவுப் பதிவுகளை வைத்துச் சுற்றுப்பாதையை உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்தடுத்த சுற்றுகளிலும் கணக்கிட்ட இடத்தில் தென்பட்டால்தான் நிரந்தர எண். 4130 என்ற எண் அப்படி வந்தது. எண் வந்த பிறகுதான் பெயர். அதைப் பரிந்துரைக்கும் உரிமை கண்டுபிடித்தவருக்குப் பத்து ஆண்டுகள் உண்டு என்றாலும், ஏற்பது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு. 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். வணிகப் பெயர் கூடாது. அரசியல்வாதி என்றால் இறந்து நூறு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது.

103 ஆண்டு இடைவெளிக்குப் பின் இந்திய மண்ணிலிருந்து கிடைத்த சிறுகோள் என்று எழுதினாலே ராமானுஜனுக்குப் போதிய பெருமை. அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்