என் தாடைக்குள் இருப்பது எந்தக் கம்பெனி, டாக்டர்?

பல் இம்ப்ளாண்ட் பொருத்தும் மருத்துவர்களுக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும்,

வணக்கம்.

என் கடைவாய்ப் பல் இப்போது மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது. பல் என்றால் கேப்தான். நடுவில் ஒரு துளை, துளையைச் சுற்றிப் பீங்கான் பெயர்ந்திருக்கிறது. எட்டு வருஷம் என் வாயில் குறை சொல்ல முடியாதபடி உழைத்தது. அதற்கு இந்தக் கதி வந்ததற்குக் காரணம் சொத்தையோ அடியோ இல்லை. ஒரு ஸ்டிக்கர் என் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

சில மாதங்களுக்கு முன் மெல்லும்போது அந்தக் கேப் லேசாக ஆடியது. வலி இல்லை. உள்ளே எலும்போடு சேர்ந்து வேர்போல நிற்கும் உலோக இம்ப்ளாண்ட், அதன்மேல் அபட்மென்ட் என்ற இணைப்புத் துண்டு, அதற்கும் மேல் கேப். அபட்மென்டை இம்ப்ளாண்டோடு பிடிக்கும் ஸ்க்ரூ நாள்பட்டால் தளர்வதுண்டு, திரும்ப முடுக்கினால் சரியாகிவிடும் என்று உங்களுக்குத் தெரியும். பொருத்திய கிளினிக் மூடி ரொம்ப நாளாகிவிட்டது. அந்த டாக்டர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. சரி, பல் டாக்டர்களுக்கா பஞ்சம் என்று வேறொருவரிடம் போனேன்.

அவர் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "எந்தக் கம்பெனி இம்ப்ளாண்ட்?"

என்னிடம் இருந்தது ஒரு ரசீது. அதில் "இம்ப்ளாண்ட் - 1" என்று எழுதியிருந்தது. காய்கறி வாங்கினால்கூடக் கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று எழுதித் தருவார்கள்.

கம்பெனி தெரியாது என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்தவரும் அப்படியே. மூன்றாமவர் நல்ல மனிதர், முயன்று பார்க்கலாம் என்றார். எக்ஸ்-ரேயைப் பெரிதாக்கி, மரை எப்படிப் போகிறது, கழுத்து எவ்வளவு அகலம் என்று காணாமல் போனவரின் போட்டோவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். உலகத்தில் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் இம்ப்ளாண்ட் செய்கின்றன. ஒன்றின் ஸ்க்ரூ இன்னொன்றில் பெரும்பாலும் சேராது. கேப் சிமென்ட் வைத்து ஒட்டியதா, ஸ்க்ரூவால் முடுக்கியதா என்பதும் தெரியவில்லை. முடுக்கியது என்றால் மேலே அடைத்த துளை ஒன்று இருக்கும். அடைப்பை எடுத்தால் அடியில் டெஃப்லான் டேப், அதற்கும் கீழே ஸ்க்ரூவின் தலை. என் கேப்பில் அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. ஒட்டியதுதான் என்று முடிவு செய்து, ஸ்க்ரூ இங்கே இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக் கேப்பின் நடுவில் துளையிட்டார். முதல் துளை கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. பீங்கான் பெயர்ந்தது அப்போதுதான்.

ஒருவழியாக ஸ்க்ரூ கண்ணில் பட்டது. அப்புறம் ஸ்க்ரூ டிரைவர்கள். தட்டில் வரிசையாக வைத்திருந்தார். அறுகோணம் ஒன்று, அதிலேயே இன்னொரு அளவு, நட்சத்திர வடிவம் ஒன்று, சதுரம் ஒன்று. வாயைத் திறந்தபடி கிடந்த எனக்கு ஒவ்வொன்றும் உள்ளே போய் வழுக்கும் சத்தம்தான் கேட்டது. ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிட்டால் கதை முடிந்தது என்று அவர் உதவியாளரிடம் மெதுவாகச் சொன்னதும் கேட்டது. எனக்கு மரத்திருந்தது தாடை மட்டும்தான், காது இல்லை. நான்காவது டிரைவர் பிடித்துக்கொண்டது. கேப்பும் அபட்மென்ட்டும் கழன்று வந்தன. ஸ்க்ரூவின் மரை தேய்ந்திருந்தது. புதிதாகப் போட வேண்டும் என்றார். எந்தக் கம்பெனி ஸ்க்ரூ? மறுபடியும் அதே கேள்வி. கிடைத்தாலும் எவ்வளவு இறுக்குவது? பல கம்பெனிகள் 30 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர் என்கின்றன, சில வேறு அளவு சொல்கின்றன. குறைந்தால் மறுபடி தளரும், கூடினால் உடையும்.

நான்காவதாகப் பார்த்த டாக்டர் சொன்னதுதான் என்னை இந்த மடல் எழுத வைத்தது. இம்ப்ளாண்டைச் சுற்றியுள்ள எலும்பைக் குடைந்து அதை எடுத்துவிட்டு, ஆறு மாதம் ஆறவிட்டு, புதிதாக ஒன்று பொருத்தலாம் என்றார். இம்ப்ளாண்ட் பாறைபோல நிற்கிறது என்று அவரே சொன்னார். சாவியைக் காணோம் என்பதற்காக வீட்டை அஸ்திவாரத்தோடு பெயர்ப்பார்களா?

இத்தனைக்கும் நீங்கள் பிரிக்கும் அநேகமாக ஒவ்வொரு இம்ப்ளாண்ட் டப்பாவிலும் கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் எண் எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கிறது. உரித்து ஒட்டுவதற்கென்றே செய்தது. அதில் ஒன்று உங்கள் கோப்பில் ஏறுகிறது. இன்னொன்றை ஒரு அட்டையில் ஒட்டி நோயாளி கையில் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. கூடவே நான்கு விவரங்கள்: அபட்மென்ட் எது, கேப் ஒட்டியதா முடுக்கியதா, எந்த டிரைவர், எவ்வளவு இறுக்கம். இதை எழுத இரண்டு நிமிஷம் ஆகுமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே மாதம் அமலுக்கு வந்த மருத்துவச் சாதன விதிகள், உடலுக்குள் பொருத்தும் இம்ப்ளாண்டுக்கு நோயாளியிடம் அட்டை தர வேண்டும் என்கின்றன. கேப்புக்கும் ஸ்க்ரூவுக்கும் அதில் விலக்கு உண்டு, பல் இம்ப்ளாண்டுக்கு இல்லை. சட்டம் வந்து சொன்னால்தான் செய்ய வேண்டும் என்று உங்களுக்கும் இல்லை.

"ஆயுசுக்கும் கவலையில்லை" என்று சொல்லித்தான் எனக்குப் பொருத்தினார்கள். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். 1965-ல் ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற டாக்டர் தன் முதல் நோயாளிக்குப் பொருத்திய இம்ப்ளாண்டுகள் 2006-ல் அந்த நோயாளி இறக்கும்வரை உழைத்தன. நாற்பது வருஷத்துக்கு மேல். ஆனால் எந்தக் கிளினிக் நாற்பது வருஷம் திறந்திருக்கும்? இம்ப்ளாண்டுக்கு ஆயுசு அதிகம் என்பதால்தானே, பொருத்தியவர் இல்லாத காலத்துக்கும் சேர்த்து எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிறோம்.

"சொத்தை வராது" என்றும் சொன்னார்கள். உலோகத்துக்கும் பீங்கானுக்கும் சொத்தை எப்படி வரும்? ஈறுக்கும் எலும்புக்கும் வருவதைப் பற்றித்தான் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சொந்தப் பல்லை எலும்போடு பிடித்திருக்கும் நார்கள் இம்ப்ளாண்டுக்கு இல்லை. சுற்றியுள்ள ஈறு இறுகப் பற்றாமல் ஒட்டினாற்போல நிற்பதால் அழுக்கு சேர்ந்தால் வீக்கம் சுலபமாகக் கீழே இறங்கும். ஈறு மட்டும் வீங்கியிருக்கும்போது கவனித்தால் பழையபடி ஆகிவிடும். எலும்பு கரைய ஆரம்பித்துவிட்டால் மீட்பது பெரும்பாடு. பெரும்பாலும் வலியே இல்லாமல் கரையும். பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் இம்ப்ளாண்ட் பக்கம் பிரஷ்ஷைக் கொஞ்சம் மெதுவாக விடுவேன், இத்தனை வருஷமும் அதுதான் நான் செய்த பராமரிப்பு. அது நேர் தலைகீழ் என்று மூன்றாமவர் சொல்லித்தான் தெரியும். பல்லிடுக்கில் விடும் சின்ன பிரஷ்ஷை, கம்பிமேல் பிளாஸ்டிக் பூசியதாகப் பார்த்துத் தினமும் விட வேண்டுமாம். பொருத்திய புதிதில் எடுத்த எக்ஸ்-ரே இருந்தால் எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாமாம். அதுவும் என்னிடம் இல்லை. பழைய கோப்போடு போய்விட்டது.

அந்தக் கிளினிக் மூடும்வரை ஒவ்வொரு வருஷமும் பிறந்தநாளன்று எனக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்பியது. பல்லை வெள்ளையாக்கத் தள்ளுபடி என்றும் செய்தி வரும். "இம்ப்ளாண்டைக் காட்ட வாருங்கள், வருஷம் ஒன்றாகிவிட்டது" என்று ஒரே ஒரு வரி வந்ததில்லை. நான் பிறந்த தேதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு என் தாடையில் என்ன வைத்தோம் என்று எழுதித் தரத் தெரியவில்லை.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்காக ஸ்க்ரூவை மழுக்காத டிரைவரைத் தேடி ஒரு பிற்பகல் முழுக்கச் செலவழித்தவரும் உங்களில் ஒருவர்தான். அந்த நன்றி எனக்கு இருக்கிறது. அவர் அவ்வளவு பாடுபட வேண்டியிருந்திருக்காது என்பதுதான் என் வருத்தம்.

ஆகவே சங்கங்களுக்குப் பணிவான வேண்டுகோள்: இம்ப்ளாண்ட் பொருத்தும் ஒவ்வொருவரும் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையையும் கேப் போட்ட நாளன்று எடுத்த எக்ஸ்-ரேயின் நகலையும் நோயாளியிடம் தர வேண்டும் என்று உங்கள் உறுப்பினர்களுக்கு எழுதுங்கள். கிளினிக்கை மூடுகிறவர்கள் மூடுவதற்கு முன் பழைய நோயாளிகளைக் கூப்பிட்டு அவரவர் விவரத்தைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

எட்டு வருஷத்துக்கு முன் எனக்குப் பொருத்திய டாக்டர் இதைப் படிக்க நேர்ந்தால்: கீழ்த்தாடை, வலது பக்கம், முதல் கடைவாய்ப் பல். பழைய கோப்புகளை எங்காவது மூட்டை கட்டி வைத்திருந்தால், அந்த ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், போதும். கேப்பை டப்பாவிலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய நோயாளி ஒருவர்