மேலூர்ப் பேருந்தில் வந்த பூக்கார அம்மாவுக்கு

அரையாண்டுத் தேர்வில் நான் கணக்கு நடத்தும் பத்தாம் வகுப்பில் பாதிப்பேருக்கு மேல் கணக்கில் 35 எடுக்கவில்லை. ஆய்வுக்கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் என்னை நிற்கவைத்துக் கேட்ட அன்று மாலை, மேலூரிலிருந்து மதுரை மாட்டுத்தாவணி வந்த பேருந்தில், மடியிலிருந்து விடைத்தாள்கள் சரிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

அருகில் இருந்த நீங்கள் எதுவும் கேட்காமல் குனிந்து அவற்றைப் பொறுக்கி, விளிம்பைத் தட்டிச் சமப்படுத்தி, கூடையின் ஈரத்துணிக்கடியிலிருந்து வாழைநாரை உருவி இறுகக் கட்டினீர்கள். (அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.) மார்கழிப் பனியில் மல்லிகை விலை ஏறிக்கிடந்த வேளையில் ஒரு முழத்தை அதன்மேல் வைத்து, “மீனாட்சிக்குப் போற சரமும் ஒவ்வொரு பூவாத்தான் கட்டணும் தாயி” என்றீர்கள், காசு வாங்கவில்லை.

மறுநாள் முதல் ஒரு பாடவேளைக்கு ஒரே கணக்கு என்று நடத்தினேன். கோயிலுக்குப் போவதையே விட்டிருந்தவள், தை வெள்ளியன்று அம்மன் சன்னிதியில் நின்றேன். பூச்சந்தையில் இருமுறை உங்களைத் தேடினேன், அம்மா. அந்த நார் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.