களிம்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெறுங்கால் வழியே உடம்புக்குள் போகும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழுவைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். மலப் பரிசோதனை மேசையிலேயே முப்பது வருடம் உட்கார்ந்தவன் நான். அதனால் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் தோலில் உள்ள யூரோகானிக் அமிலம்தான் மண்ணில் கிடக்கும் குஞ்சுப்புழுவைச் சுண்டி இழுக்கிறது என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2007-ல் காட்டியது உண்மை. உள்ளங்காலில் அது கூடுதல். ஆனால் சோப்புப் போட்டுத் தேய்த்தால் போய்விடுமா? ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தோலே அதைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. சில உலோக அயனிகள் சேர்ந்தால் புழுவின் நாட்டம் குறைகிறது என்பதை வைத்து, தடுப்புக் களிம்புக்கே பாதிக் கட்டுரையைக் கொடுத்துவிட்டீர்கள். அது ஆய்வகத்துச் சங்கதி. இன்றைக்கு நமக்குப் பாதுகாப்பு செருப்பும் கழிப்பறையும்தான்.

விட்டுப்போனது இதுதான். கொக்கிப்புழுவுக்கு மலத்தில் முட்டை தெரியும். ஸ்ட்ராங்கிலாய்டஸுக்கோ முட்டை குடலிலேயே பொரிந்துவிடும். மலத்தைச் சலைன் (உப்புநீர்) சொட்டில் கரைத்து மைக்ராஸ்கோப் லென்சுக்குக் கீழே வைத்தால் குஞ்சு நெளிந்து ஓடும். நேற்றைய மலத்தை டப்பியில் கொண்டுவந்தால் கொக்கிப்புழு முட்டையும் பொரிந்து நம்மைக் குழப்பும். ஒரே பரிசோதனையில் அகப்படாமலும் போகும்.

சில குஞ்சுகள் வெளியே வராமல் குடலைத் துளைத்து மறுபடி உள்ளேயே சுற்றும். அதனால்தான், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகளிடம், ஊர் திரும்பி முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் இந்தப் புழு இருந்ததை லிவர்பூலில் கண்டுபிடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் ஆட்களும் அதே சேற்றில்தான் நின்றார்கள்.

இப்படிச் சத்தமில்லாமல் கிடக்கும் புழு, ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு தொடங்கியதும் கட்டுக்கடங்காமல் பெருகலாம். நுரையீரல்வரை ஏறி, குடல் கிருமிகளையும் ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. பள்ளியில் கொடுக்கும் ஒற்றை அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை இதற்குப் பற்றாது. ஐவர்மெக்டின் என்ற மருந்துக்குத்தான் கேட்கும், அதுவும் மருத்துவர் சொல்லி.

வயலில் இறங்கி வேலை செய்தவர்கள், ஸ்டீராய்டு சீட்டு எழுதும்போதே “எனக்குப் புழு இருக்கிறதா என்று பாருங்கள்” என்று கேட்கலாம். இதை ஒரு மருத்துவரைக் கொண்டு விரிவாக எழுதவைத்து, அடுத்த இதழிலேயே வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
திருவாரூர்.