இரண்டு ஏக்கரும் ஒரு நார்வேக்காரரும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பென்ஷன் பணத்தில் ஊர்ப்பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கி, ஒரு ஓட்டு வீடு போட்டு, மிச்சக் காலத்தை மண்ணோடு கழிக்கப் போவதாக நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். கடைசிப் பக்கத்தில், ஹாஸ்டலில் நான் படிக்கக் கொடுத்த, நார்வேக்காரர் நட் ஹாம்சனின் ‘நிலவளம்’ நாவல்தான் இதற்கெல்லாம் விதை என்று என் தலையில் கட்டிவிட்டாய். பழி விழுந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? பரணில் தேடி எடுத்தேன். க.நா.சு. மொழிபெயர்த்த அதே பிரதி. அட்டை போய்விட்டது. முதல் பத்துப் பன்னிரண்டு பக்கங்களைச் செல் அரித்துவிட்டது. ஆளில்லாத காட்டுக்குள் கதாநாயகன் ஐசக் மூட்டையோடு நடந்து வருவதே அந்தப் பக்கங்களில்தான்.

முழங்கால் வலி இந்தக் கோடையில் என்னைப் படியிறங்க விடவில்லை. பத்து நாளாகத் திண்ணையும் நட் ஹாம்சனும்தான். இருபது வயதில் நாம் அந்தப் புத்தகத்தில் பார்த்தது ஐசக்கின் முதுகை. என்ன பாரம் ஏற்றினாலும் வளையாத முதுகு. இப்போது வேறு இடங்களில் கண் நிற்கிறது. அவன் புல் வெட்டும் எந்திரம் வாங்கிவரும் இடம் ஞாபகம் இருக்கிறதா? எல்லாம் தெரிந்தவன்போல அதைச் சுற்றிச் சுற்றி வருகிறான். கூட வந்த விளக்கப் புத்தகத்தை விரிக்கிறான். அவனுக்குத்தான் எழுத்து தெரியாதே! பையைத் தடவிப் பார்த்து, கண்ணாடியைக் காணோம் என்கிறான். டவுனில் குமாஸ்தா வேலை பார்த்த மூத்த மகன் எலிசியஸ் வாசித்துச் சொல்ல, இவன் அதெல்லாம் முன்னமே தெரியும் என்பதுபோல் கேட்டுக்கொள்கிறான். மண்வெட்டி பிடிக்கத் தெரியாத மகன், எழுத்து தெரியாத அப்பன். இரண்டு பேருக்கும் மானம் போகாமல் எழுதியிருக்கிறார் பார். பேரன் என் போனில் மின்கட்டணம் கட்டித் தரும்போது நானும் இதே மூஞ்சியைத்தான் வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் தூக்கத்தைக் கெடுத்தது இங்கர். பிளந்த உதடோடு பிறந்தவள். அந்த உதட்டால் பட்ட கேலியெல்லாம் போதும் என்றுதான் காட்டில் தனியாகக் கிடக்கும் ஐசக்கைத் தேடி வருகிறாள். அவள் பிள்ளை உண்டாகியிருக்கும்போது, வழிப்போக்கன் ஒருவன் பையைத் திறந்து ஒரு முயலைக் காட்டுகிறான். நம் ஊரில் கிரகணத்தன்று பிள்ளைத்தாய்ச்சியை வெளியே விடமாட்டார்கள், குழந்தைக்கு உதடு பிளந்துவிடும் என்று. அங்கே அதற்கு முயல். பெண் குழந்தை அதே உதட்டோடு பிறக்கிறது. வீட்டில் அவளைத் தவிர ஆளில்லை. தான் பட்டதை அதுவும் பட வேண்டாம் என்று அவளே அதன் உயிரை எடுத்துவிடுகிறாள். எட்டு வருடத் தண்டனை. ஐசக்குக்கு வேண்டிய பழைய அதிகாரி கெய்ஸ்லர் ஓடியாடி முயற்சி செய்ததில் முன்கூட்டியே விடுதலையாகி, உதடு தைக்கப்பட்டு, தையல் படித்து, ஜெயிலில் பிறந்த மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். ஐசக் ஒரு வார்த்தை குத்திப் பேசுவதில்லை.

இதை எழுதிய ஆள் வெளியே என்ன பேசினார் தெரியுமா? 1915இல், பிறந்த குழந்தையைக் கொன்ற ஒரு பெண்ணுக்கு லேசான தண்டனை கொடுத்துவிட்டார்கள் என்று பொங்கி, இப்படிப்பட்ட பெற்றோர் இரண்டு பேரையுமே தூக்கில் போடச் சொல்லிப் பத்திரிகையில் எழுதினார். நாவல் வந்தது 1917. இரண்டே வருடம். தூக்குக் கயிறு கேட்ட அதே கைதான் இங்கரை இவ்வளவு கனிவாக எழுதியிருக்கிறது. எழுத உட்கார்ந்ததும் அந்த ஆளுக்குள்ளிருந்து யாரோ நல்லவர் எழுந்து வந்துவிடுகிறார் என்று நினைக்கிறேன். முழுக்க அப்படியும் இல்லை. பின்னால், அதே குற்றத்துக்கு பார்ப்ரோ என்ற இன்னொரு பெண்ணின் வழக்கு வரும்போது பழைய ஆள் எட்டிப் பார்க்கிறார், நீதிமன்றத்தில் அவளுக்காகப் பேசும் அம்மாளை நக்கலடிக்கிறார். அந்த மலைகளில் காலங்காலமாக மான் மேய்த்துவந்த சாமி பழங்குடியினரையும் பிச்சை கேட்டு வரும் திருடர்கள்போலத்தான் காட்டுகிறார். காலியான காடு என்று ஐசக் வந்து குடியேறினானே, அது யாருக்குக் காலி? இருபது வயதில் இந்தக் கேள்வி நம் இருவருக்கும் தோன்றவில்லை.

பட்ட கஷ்டத்துக்குக் குறைவில்லாத மனிதர். 1859இல் லோம் என்ற மலைப்பகுதியில் ஒரு தையல்காரர் வீட்டில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் நாலாவது. மூன்று வயதில் குடும்பம் வடக்கே ஹாமரோய்க்குப் போயிற்று. கோடையில் ராத்திரியிலும் சூரியன் மறையாத ஊர். ஒன்பது வயதில் அவரை மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள், அப்பா பட்ட கடனுக்கு ஈடாக. அந்த மாமா கையில் அடியும் அரைப் பட்டினியும். அப்புறம் கடைப்பையன், செருப்புத் தைக்கும் எடுபிடி, ரோடு வேலை, சிகாகோவில் டிராம் கண்டக்டர் என்று பார்க்காத வேலையில்லை. அச்சுக்கோத்தவன் ஒரு எழுத்தை விட்டதால்தான் ஹாம்சுண்ட் என்ற பெயர் ஹாம்சன் ஆயிற்று என்பார்கள். 1890இல் ‘பசி’ வந்த பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது.

இனி உனக்கு வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். 1911இல் ஹாமரோயிலேயே ஒரு பண்ணை வாங்கினார். நடிகையாக இருந்த மேரியை, தன்னைவிட இருபத்திரண்டு வயது இளையவரை, அதற்கு இரண்டு வருடம் முன்பு கல்யாணம் செய்திருந்தார். மேடையை விட்டுவிட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்த அம்மாளும் விட்டுவிட்டு மாட்டுக்கொட்டிலுக்கு வந்தார். வந்த பிறகு நடந்தது என்ன? பண்ணையில் இவருக்கு எழுத வரவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு விடுதி அறை தேடிப் போய்விடுவார், மாதக்கணக்கில். மாடு, வேலையாட்கள், கைக்குழந்தைகள் எல்லாம் மேரியின் தலையில். இன்னொரு வேடிக்கை: நிலத்தை விட்டுப் போகாதே என்று சொல்லும் நாவல் வெளிவந்த அதே 1917இல் அந்தப் பண்ணையை விற்றுவிட்டுத் தெற்கே போனார்! மறுவருடம் கடலோரம் நோர்ஹோல்ம் பண்ணையை வாங்கினார். 1920இல் நோபல் பரிசு. அங்கே சதுப்பை வடித்து, மரம் நட்டு, உண்மையாகவே பாடுபட்டார், அதை மறைக்கவில்லை. அங்கேயும் எழுதுவதற்கு வீட்டை விட்டுத் தள்ளித் தனிக்குடில்.

மீதியைச் சொல்ல மனமில்லை, சொல்லாமல் விடவும் முடியாது. ஜெர்மன் ராணுவம் நார்வேயைப் பிடித்தபோது அவர்கள் பக்கம் நின்றார். 1943இல் நோபல் பதக்கத்தை ஹிட்லரின் பிரச்சார மந்திரி கோயபல்ஸுக்குப் பரிசாக அனுப்பினார். அதே வருடம் ஹிட்லரை நேரில் பார்த்து, நார்வேயை ஆண்டுகொண்டிருந்த ஜெர்மன் அதிகாரியை மாற்றச் சொல்லி வாதாடினார். காது ஏறக்குறைய அடைத்துப்போன 83 வயதுக் கிழவர், எதிராளி பேச இடம் கொடுக்காமல்! ஹிட்லருக்கு எரிச்சல். அப்படியும் இவருக்குப் புத்தி வரவில்லை. 1945 மே 7 அன்று, செத்துப்போன ஹிட்லருக்கு அஞ்சலிக் குறிப்பு எழுதி வெளியிட்டார், மனிதகுலத்துக்காகப் போராடிய வீரன் என்று. சிலர் இதை வயோதிகத் தடுமாற்றம் என்று மூடப் பார்க்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. போர் முடிந்ததும் அவரைப் பிடித்து மனநல மருத்துவமனையில் வைத்து, மனத்திறன் நிரந்தரமாகக் குன்றியவர் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இவரோ அந்த நாட்களைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதி, 90 வயதில், 1949இல் வெளியிட்டார். எழுத்தில் பிசிறில்லை. நீதிமன்றம் போட்ட 3,25,000 குரோனர் அபராதத்தில் சொத்து கரைந்தது.

மேரிக்கும் சிறைத் தண்டனை. அந்த அம்மாள் நார்வேயின் நாஜிக் கட்சியில் இருந்தவர். டாக்டர்கள் விசாரித்தபோது குடும்பத்தில் நடந்ததையெல்லாம் அவர் சொல்லிவிட்டார். அத்தனை வருடம் யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. கிழவருக்கு ஆத்திரம். நாலு வருடம் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. 1950இல்தான் மேரி நோர்ஹோல்முக்குத் திரும்பினார். 1952 பிப்ரவரியில் இவர் அங்கேயே கண்ணை மூடினார்.

சரி, உன் இரண்டு ஏக்கர். பட்டா யார் பேரில் இருக்கிறது, கிணற்றில் சித்திரையில் எத்தனை அடி தண்ணீர், வில்லங்கச் சான்று எத்தனை வருடத்துக்குப் பார்த்தாய், ஒன்றையும் எழுதவில்லை. மழை, மண்வாசனை என்று மட்டும் நாலு பக்கம். அந்த நாலு பக்கத்தில் தங்கச்சி பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. முப்பத்தைந்து வருடம் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறது. மாடு வாங்குவேன் என்கிறாயே, காலையில் சாணி அள்ளுவது யார்?

அடுத்த கடிதத்தில் தங்கச்சியையும் இரண்டு வரி எழுதச் சொல். புத்தகத்தைப் பைண்டு பண்ணக் கொடுத்திருக்கிறேன், வந்ததும் அனுப்புகிறேன். அரித்துப்போன பக்கங்கள் உன் பிரதியில் இருந்தால் ஜெராக்ஸ் எடுத்து வை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்