துரு போகும், வெடிப்பு போகாது

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. அப்பாவின் காரை யாருக்கும் கொடுக்காமல் நீயே வைத்துக்கொண்டாய் என்று படித்ததும் எனக்குத்தான் உன்னைவிடச் சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. குனிந்து செய்கிற வேலையை விட்டுவிட்டேன். கழற்றிய பாகத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு செய்கிற வேலை மட்டும்தான் இப்போது.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதவு ஓரத்து ரப்பர் பட்டை, அதாவது பீடிங், சுள்ளி மாதிரி காய்ந்திருக்கிறது. பானட் கீல் துருவில் மறைந்தே போயிருக்கிறது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா என்கிறாய். இரும்பில் பெரும்பகுதி முடியும். ரப்பரை நம்பாதே.

ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்று சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் 1839இல் கண்டுபிடித்தார். கந்தகம் ரப்பரின் நீண்ட இழைகளை அங்கங்கே முடிச்சுப் போட்டுக் கட்டுகிறது. வெயிலும் காற்றும் அந்த வேலையை அதோடு நிறுத்த விடுவதில்லை. வருடம் போகப் போக முடிச்சுகள் கூடும், ரப்பர் கல்லாகும். வெடிப்பு வேறு கதை. இழுபட்ட நிலையில் இருக்கும் இடத்தைக் காற்றிலுள்ள ஓசோன் அறுத்துவிடுகிறது. அதனால் முதலில் ஒவ்வொன்றையும் விரலால் மெல்ல வளைத்துப் பார். கெட்டியாக மட்டும் இருந்தால் முயன்று பார்க்கலாம். வளைக்கும்போது வெடிப்பு வாயைத் திறந்தால் அது முடிந்த கதை. எந்தத் தைலமும் அதை ஒட்டாது.

கெட்டியானதற்கு நான் செய்வது இதுதான்: விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மூன்று பங்கு, மூடியுள்ள கண்ணாடி ஜாடி. ஒயர் நுழையும் துளையில் இருக்கும் சின்ன வளையம் என்றால் சில மணி நேரத்திலேயே இளகத் தொடங்கும். அவ்வப்போது எடுத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டே இரு. நான் கியர் கம்பியின் ரப்பர் உறையைப் போட்டுவிட்டு இரண்டு ராத்திரி மறந்துவிட்டேன். வெளியே எடுத்தால் அது வேறு ஏதோ பெரிய வண்டியின் உறை மாதிரி உப்பிக் கிடந்தது. நிழலில் ஒரு வாரம் உலர்த்தியபின் ஓரளவு சுருங்கியது, பழைய அளவுக்கு வரவேயில்லை. இன்னொன்று: வலித்தைலத்தில் இருக்கும் அதே மீதைல் சாலிசிலேட்தான் இந்த எண்ணெய் முழுக்க. வாசனை நன்றாக இருக்கும், ஆனால் ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். பேரன் ஓடியாடும் வீடு உன்னுடையது, பூட்டி வை. ஆல்கஹால் பக்கத்தில் நெருப்பும் ஆகாது.

இளகியபின் பளபளப்புக்காகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவாதே. இயற்கை ரப்பரை அது உப்ப வைத்துக் கெடுக்கும். சிலிக்கான் கிரீஸ் போதும். பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் வாஷர்கள், பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ் மூன்றையும் இந்த ஜாடிப் பக்கமே கொண்டுவராதே. அவற்றைப் புதிதாக வாங்கித்தான் போட வேண்டும். இதில் உன் கஞ்சத்தனத்துக்கு இடமில்லை.

இரும்புக்கு வருவோம். இதில்தான் ஆனந்தம். ஒரு பிளாஸ்டிக் வாளி, நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகத்துக்கு நெகட்டிவ், வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றுக்கு பாசிட்டிவ். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. சுவிட்சைப் போட்டதும் பாகத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும். அது தீப்பற்றும் ஹைட்ரஜன், அதனால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். கையை விடுவதற்கு முன் சுவிட்சை அணை. பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடவே கூடாது, அதிலிருந்து கரையும் குரோமியம் விஷம். அலுமினியப் பாகத்தையும் போடாதே, சோடா அதை அரித்துவிடும்.

போன மாதம் ஒரு போல்ட்டை ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தேன். காலையில் செந்துரு கறுப்புச் சேறாக மாறியிருந்தது. பிரஷால் இரண்டு தேய்ப்பு, அவ்வளவுதான். தலையில் பொறித்திருந்த எண் தெரிந்தது. அத்தனை வருடமாக அங்கே ஒரு எண் இருப்பதே எனக்குத் தெரியாது. கழுவியதும் உடனே சூடுகாட்டி உலர்த்தி எண்ணெய் பூசிவிடு. அசட்டையாக இருந்தால் கண்ணெதிரே மறுபடி மஞ்சள் பூக்கும்.

ஸ்பிரிங்குகளை மட்டும் இந்த வாளியிலும் போடாதே, ஆசிடிலும் போடாதே. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து கடினமான எஃகை நொறுங்கவைக்கும். நான் ஆசிடில் ஊறவைத்துப் பளபளவென்று எடுத்த பானட் ஸ்பிரிங், மாட்டிய மறுநாளே படீரென்று உடைந்தது. நல்லவேளை, யாரும் பக்கத்தில் இல்லை. ஸ்பிரிங்குக்குக் கம்பி பிரஷும் பொறுமையும்தான்.

கீலைக் கழற்றுமுன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வை. காய்ந்த பீடிங்கைக் கோபத்தில் வீசிவிடாதே. ஒரு விரல் நீளம் வெட்டி எனக்கு அனுப்பு. வெட்டுமுகத்தை அளந்து பார்த்து, எந்த மாதிரிப் பட்டை பொருந்தும் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
ராகவன்