பால் குடிக்காதவனுக்கு இரண்டு கொதிகலன் எதற்கு?

ஆசிரியருக்கு,

அழுத்தத்தில் கடுங்கோப்பி வடிக்கும் எஸ்பிரெசோ மெஷின் ஒன்று வாங்கலாம் என்று காலி வீதியில் ஒரு கடைக்குப் போனேன். நான் பாலைத் தொடுவதே இல்லை, வெறுங்கோப்பிதான். கடைத் தம்பியோ இரண்டு கொதிகலன் உள்ளதையே திரும்பத் திரும்பக் காட்டினார். இரண்டாவது கொதிகலன் பாலை நுரைக்க வைக்கும் நீராவிக்குத்தானே, தம்பி? பெட்டியில் அழுத்தம் '15 பார்' என்று கொட்டை எழுத்து வேறு. கோப்பித்தூளில் 9 பார் அளவு அழுத்தமும், தண்ணீரில் 90 முதல் 96 பாகை வரை நிலையான சூடும் இருந்தால் போதும். ஒற்றைக் கொதிகலன் மெஷினை எடுத்து, மிச்சக் காசில் கோப்பிக்கொட்டை அரைக்க நல்ல கிரைண்டர் வாங்கினேன். 18 கிராம் தூளுக்கு 36 கிராம் கோப்பி அரை நிமிடத்துக்குள் வடிகிறது. மனைவி இன்னும் மல்லி போட்ட கோப்பிதான் கேட்கிறார், அது வேறு கதை.

வெள்ளவத்தை வாசகன்