ஜி1 ஃபோரை விற்காதே மாப்ள

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. பெண்ணுக்கு ஓசூரிலேயே கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு அரவிந்தில் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வேளாவேளைக்கு சொட்டு மருந்து விடுவது என் பொறுப்பு. திருநகர் அப்படியேதான் இருக்கிறது, வெயில் மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிதாரின் ஓசையை மாற்றித் தருகிற அந்த மல்டி எஃபெக்ட் பெட்டி, ஜூம் ஜி1 ஃபோரை, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, இன்னும் நாலைந்து மடங்கு காசு போட்டு அதே வகையில் ஒரு பெரிய ப்ராசஸர் வாங்கப்போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. நானும் அதே பெட்டியைத்தான் மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கோயில் திருவிழாக் கச்சேரிகளுக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போகிறேன், நீ சொன்ன ஒவ்வொரு குறைக்கும் அதற்குள்ளேயே வழி இருக்கிறது. பெரிய பெட்டி வாங்கினாலும் இதே வேலைகளை நீ செய்துதான் ஆக வேண்டும், அதனால் கையில் இருப்பதிலேயே செய்து பார்த்துவிடு.

முதலில் அந்த டிஸ்டார்ஷன், அதாவது ஓசையை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது, வண்டு ரீங்கரிக்கிற மாதிரி இருக்கிறது என்றாயே. கிதார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் வெளியே விடாது. டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கூர்மையான கரகரப்பு எல்லாம் அதற்கு மேலேதான் இருக்கிறது, ஸ்பீக்கர் அதை விழுங்கிவிடுவதால்தான் ஆம்பில் வாசிக்கும்போது நமக்கு இனிமையாகக் கேட்கிறது. நம் ஊர் மேடையில் கிதார் ஆம்ப் ஏது? நேரே மிக்ஸருக்குத்தான் போகிறது, அங்கிருந்து ட்வீட்டர், அதாவது உச்ச ஓசைக்கான சின்ன ஸ்பீக்கர், வைத்த பெரிய பெட்டிகளுக்கு. ட்வீட்டர் அந்தக் கரகரப்பு முழுவதையும் அள்ளி ஜனங்கள் காதில் போடும். அதனால் மிக்ஸருக்குப் போகும்போது ஆம்ப் மாடலோடு கேபினெட்டும் (ஆம்பின் ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்வது) கண்டிப்பாக இருக்க வேண்டும், அதன்பின் ஒரு ஈக்யூ (ஓசையின் மேல், நடு, கீழ்ப் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்குவது) போட்டு 5,000 அல்லது 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை நன்றாக இறக்கிவிடு. கீழேயும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறை. கிதாரின் தடித்த ஈ தந்தியே 82 ஹெர்ட்ஸ்தான், அந்த இடம் பேஸ் கிதாருக்கும் ட்ரம்ஸுக்கும் உரியது, நாம் அங்கே போய் நின்றால் எல்லாம் சேறாகிவிடும். யாராவது நண்பர் வீட்டில் நிஜ ஆம்பின் முன்பக்க இன்புட்டில் செருகினால் மட்டும் கேபினெட்டை அணைத்துவிடு, இல்லையென்றால் இரண்டு ஸ்பீக்கர் வழியாகக் கேட்பது போல மந்தமாகிவிடும்.

அடுத்தது, நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். ஹெட்ஃபோனில் அருமையாக இருக்கும் பேட்ச், அதாவது பெட்டியில் சேமித்து வைக்கும் ஓசை அமைப்பு, மேடையில் காணாமல் போகிறது என்கிறாய். போகத்தான் செய்யும் மாப்ள. மனிதக் காது குறைந்த சத்தத்தில் பேஸையும் உச்ச ட்ரெபிளையும் சரியாகக் கேட்காது, சத்தம் ஏற ஏற அவை இரண்டும் தூக்கலாகும். அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைபடமே போட்டுவிட்டார்கள். ராத்திரி வீட்டில் யாரும் எழக்கூடாதென்று மெல்லிய சத்தத்தில் பேட்ச் செய்தால் நம்மை அறியாமல் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, நடுவை இறக்கி வைத்துவிடுவோம். மேடையில் அந்த இரண்டு முனையும் இன்னும் ஏறும், ஆனால் கிதார் உயிரோடு இருக்கும் இடம் நடுதான், சுமார் 500-லிருந்து 2,000 ஹெர்ட்ஸ் வரை. அதை இறக்கி வைத்தபிறகு கீபோர்டும் பாடகரும் சேர்ந்தால் கிதார் எங்கே கேட்கும்?

ஆகவே மேடைச் சத்தத்தில் வைத்துத்தான் பேட்ச் செய்ய வேண்டும். எங்கள் ஆர்கெஸ்ட்ரா ரிகர்சல் நடக்கும் செல்லூர் ஹாலுக்கு எல்லோருக்கும் முன்னால் போய், மைக்செட் அண்ணனிடம் கேட்டு ஒரு பெரிய பாக்ஸை ஆன் செய்யச் சொல்லி, அதில்தான் எல்லாவற்றையும் திருத்துவேன். அப்புறம் மற்றவர்கள் வந்ததும் அவர்கள் வாசிக்கும்போதே இன்னொரு தடவை. தனியாகக் கேட்டால் சற்று ஒல்லியாக, ரசிக்க முடியாத மாதிரி இருக்கும் ஓசைதான் கூட்டத்தோடு சேரும்போது சரியாகப் போய் உட்காரும். டிஸ்டார்ஷனின் அளவைக் கூட்டும் கெய்னைப் பாதியாகக் குறை, அறை எதிரொலி சேர்க்கும் ரிவெர்பையும் குறை. திறந்தவெளியில்கூட எதிரே இருக்கும் மண்டபச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியே போதுமான அளவுக்கு இருக்கிறது.

50 பேட்ச் சேமிக்கலாம், ஆனால் எனக்கு ஏழெட்டுக்கு மேல் தேவைப்பட்டதில்லை. கோரஸ் எஃபெக்ட் போட்ட க்ளீன் (கரகரப்பில்லாத ஓசை), வா எஃபெக்ட் வைத்த ரிதம், நைலான் தந்தி மாதிரி மென்மையாக ஒன்று, லேசான கரகரப்புள்ள கிரஞ்ச், டிலேயோடு (வாசித்ததைச் சற்றுத் தாமதித்துத் திருப்பிச் சொல்வது) சோலோவுக்கான லீட், இவைதான் கச்சேரியின் முக்கால்வாசியைத் தாங்குகின்றன. அன்றைய பாட்டு வரிசைப்படியே அடுக்கி வைத்துவிடு, பாட்டு மாறும்போது கால் அடுத்ததற்குப் போனால் போதும். எல்லா பேட்சின் சத்தமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று மிக்ஸரின் மீட்டரைப் பார்த்து ஒப்பிடு, காதை மட்டும் நம்பாதே, ட்ரெபிள் அதிகமான பேட்ச் உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகக் கேட்கும். சோலோவுக்கு சத்தம் ஏறவில்லை என்றாயே, நீ பூஸ்ட்டை (ஒலி அளவைத் தூக்கும் எஃபெக்ட்) ஆம்புக்கு முன்னால் வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். அங்கே வைத்தால் டிஸ்டார்ஷன்தான் கூடும், சத்தம் ஏறாது. ஆம்புக்குப் பின்னால் ஈக்யூவைப் போட்டு, மொத்த அளவை ஒரு 3 டெசிபல் ஏற்றி, 1,000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் தூக்கு. கிதார் அப்படியே முன்னால் வந்து நிற்கும்.

ஒரே நேரத்தில் 5 எஃபெக்ட் என்பது குறைவு என்று நீ சொல்வதை நான் ஏற்கவில்லை. இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட், டிஸ்டார்ஷன் தரும் டிரைவ், ஆம்ப், ஈக்யூ, டிலே. இதற்கு மேல் எதைப் போட்டாலும் விரல் பேசுவது மறைந்து போகிறது. நம் பாட்டுக்கு விரல்தான் முக்கியம், கமகம் வைத்து ஒரு சுரத்தை அசைத்து இறக்கும்போது அதன் வால் மெல்லத் தேய்ந்து போகிறது பார், நாய்ஸ் கேட்டின் த்ரெஷோல்டை (எந்த அளவுக்குக் கீழே ஓசையை அடைக்கும் என்பதை) ஏற்றி வைத்திருந்தால் அந்த வாலைச் சட்டென்று வெட்டிவிடும். எனக்கு அதைப் போல வலிக்கிற விஷயம் வேறில்லை. இரைச்சல் கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை, சுரத்தை முழுதாக விடு. டிலேயையும் பார்த்துப் போடு: நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு அடிக்கு 500 மில்லிசெகண்ட், 60,000-ஐ வேகத்தால் வகுத்தால் வந்துவிடும். எல்லோரும் அதில் முக்கால், அதாவது 375 வைக்கச் சொல்வார்கள். ஆனால் நம் குத்துப் பாட்டு, கிராமியப் பாட்டு பலவற்றில் அடி மூன்றாகத்தான் பிரிகிறது, திஸ்ர நடை. அங்கே 375 இடறும். மூன்றில் இரண்டு பங்கு, 333 வைத்துப் பார், தாளத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, கண்டுகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இரைச்சல் விஷயம் பெரும்பாலும் கரண்டில்தான் இருக்கிறது. திருவிழா மேடையில் ஜெனரேட்டர், சீரியல் லைட், டிம்மர் எல்லாம் ஒரே லைனில் ஓடும். பெட்டியில் 4 ஏஏ பேட்டரி போட்டு ஒரு தடவை வாசித்துப் பார், இரைச்சல் நின்றுவிட்டால் அடாப்டர் வழியாகத்தான் வருகிறது என்று அர்த்தம். அடாப்டருக்கும் மிக்ஸருக்கும் நடுவே எர்த் லூப் (எர்த் இரண்டு வழியாகச் சேர்ந்து இரைச்சல் தருவது) இருக்கலாம், அதைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் உள்ள ஒரு டிஐ பாக்ஸ் (கிதாருக்கும் மிக்ஸருக்கும் நடுவே வைக்கும் சின்னப் பெட்டி) வாங்கிவிடு, நீண்ட தூரம் ஒயர் இழுக்கவும் அதுதான் நல்லது. பேட்டரியிலும் நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் கிதாரின் சிங்கிள் காயில் பிக்கப்தான், ட்யூப்லைட் சோக்கைவிட்டுத் தள்ளி நின்று உடம்பைத் திருப்பிப் பார். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும் பேட்டரி போட்டால் மெனுவில் பேட்டரி வகையை மாற்ற மறக்காதே, அப்போதுதான் மீதி அளவைச் சரியாகக் காட்டும். அடாப்டர் 9 வோல்ட், நடுவில் மைனஸ். கீபோர்டுக்காரரின் அடாப்டரை அவசரத்துக்குச் செருகிவிடாதே, சில கீபோர்டு அடாப்டர்கள் 12 வோல்ட், நடுவில் பிளஸ், பெட்டி அங்கேயே போய்விடும்.

தாமதமாகக் கேட்கிறது என்றதற்கும் ஒரு வார்த்தை. ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் நகரும், மானிட்டர் 3 மீட்டர் தள்ளி இருந்தாலே 9 மில்லிசெகண்ட் ஆகிவிட்டது. பெட்டி சேர்ப்பது அதைவிடக் குறைவு. மானிட்டரைக் காலடிக்கு இழுத்து வைக்கச் சொல்.

அப்புறம் ஜூமின் கிதார் லேப் மென்பொருளைக் கணினியில் போட்டு, எல்லா பேட்ச்சையும் முதலில் பேக்கப் எடுத்துவிடு, பிறகுதான் ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட். சார்ஜுக்கு மட்டும் ஆகிற யூஎஸ்பி ஒயர்கள் நிறைய உலவுகின்றன, பெட்டியைக் கணினி கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் ஒயரை மாற்று. அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் சிக்கல், எனவே லேப்டாப் பேட்டரி நிறைய இருக்கும்போது செய். கால் ஸ்விட்ச் சரியாக அமுங்கவில்லை என்றாயே, திருவிழாப் புழுதிதான் காரணமாக இருக்கும், தூரிகையால் தட்டி, கான்டாக்ட் கிளீனர் துளி விட்டுப் பார். அதிலும் வரவில்லை என்றால் அந்த ஸ்விட்ச்சையே மாற்றிவிடலாம். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் பொறுமையாக சால்டர் வைக்கிற ஒரு மெக்கானிக் எனக்குப் பழக்கம், வேலை சுத்தம்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறாய் அல்லவா? அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று ரோடெல்லாம் அடைத்துவிடுவார்கள், அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு, பெட்டியையும் கிதாரையும் கையோடு கொண்டு வா, செல்லூர் ஹாலைச் சொல்லி வைக்கிறேன். அதுவரை உன் பேட்ச் ஃபைலையும், அடாப்டரின் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படம் பிடித்தும் வாட்ஸ்அப்பில் அனுப்பு.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பு.

உன் மாப்ள,
திருநகர், மதுரை